முடிச்சு விழுவதற்கு முன்

சிற்பி ஹென்றி மூர் என்றதும் கண்முன் வருவது சாய்ந்து படுத்திருக்கும் பெண்ணுருவமும் அதன் உடலில் விழுந்த துளையும். அவருடைய கோட்டோவியங்கள் அந்தப் புகழுக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கின்றன. 7,000க்கும் மேற்பட்ட தாள்களை அவர் விட்டுச் சென்றிருக்கிறார். அவற்றில், லண்டன் பாதாள ரயில் நிலையங்களில் குண்டுவீச்சுக்கு ஒதுங்கிப் படுத்திருந்த மக்களை 1940, 41இல் வரைந்தவைதாம் தனிப் பெயர் வாங்கின. அதன்பின் 1944ஐ ஒட்டி, ஒரு சிற்பத்துக்காக வரைந்து குவித்த குடும்பக் குழுக்களை ரசிகர்கள் பெரும்பாலும் முன்வேலைக் கணக்கில் சேர்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அப்பா, அம்மா, ஒன்றோ இரண்டோ குழந்தைகள், உட்கார ஒரு பெஞ்சு. பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிடுகிற விஷயம். சிற்பமே வந்துவிட்ட பிறகு தாளை எதற்குப் பார்க்க வேண்டும் என்று யாரும் கேட்கலாம். எனக்குப் படுவது வேறு. குடும்பம் என்ற பொருளோடு மூர் உண்மையில் மல்லுக்கு நின்றது இந்தத் தாள்களில். வெண்கலம் அந்தப் போராட்டத்திலிருந்து ஒரே ஒரு முடிவை எடுத்துக்கொண்டது. நல்ல முடிவு என்பதில் ஐயமில்லை. ஆனால் இந்த உடல்களை எது ஒன்றாகச் சேர்த்து வைக்கிறது என்ற கேள்வி தாளில் கிடக்கிற அளவுக்கு வெண்கலத்தில் இல்லை.

வேலை வந்த வழியைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கேம்பிரிட்ஜ்ஷயர் மாவட்டக் கல்வி இயக்குநராக இருந்த ஹென்றி மாரிஸ் ‘கிராமக் கல்லூரி’ என்ற ஒன்றைக் கனவு கண்டவர். பகலில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், மாலையில் பெரியவர்களுக்கு வகுப்பும் நூலகமும் கூடமும் என்று ஒரே கட்டடத்தில் ஊர் முழுவதும் வந்து போக வேண்டும் என்பது அவர் எண்ணம். வால்டர் குரோப்பியஸும் மேக்ஸ்வெல் ஃபிரையும் வடிவமைத்த இம்பிங்டன் கிராமக் கல்லூரி 1939இல் திறக்கப்பட்டது. அங்கே வைக்க ஒரு சிற்பம் என்று பேச்சு எழுந்தபோது குடும்பம் என்ற பொருள் இயல்பாகவே வந்து சேர்ந்தது. பெற்றோரும் பிள்ளையும் ஒரே வாசலில் நுழைகிற இடத்துக்கு வேறென்ன பொருத்தம்? போர் வந்து எல்லாவற்றையும் நிறுத்தியது. 1944இல் மாரிஸ் மறுபடி கேட்க, மூர் குறிப்பேடுகளில் வரையத் தொடங்கினார், அவற்றிலிருந்து கையடக்கமான களிமண் மாதிரிகளும் செய்தார். பணம் திரளவில்லை, மாவட்ட மன்றத்துக்கு அந்த உருவங்கள் பிடிக்கவும் இல்லை. திட்டம் அத்தோடு நின்றது. 1947இல் பக்கத்து மாவட்டமான ஹார்ட்ஃபர்ட்ஷயரின் கல்வி இயக்குநர் ஜான் நியூசம், ஸ்டீவனேஜில் கட்டிக்கொண்டிருந்த பார்க்ளே பள்ளிக்காகக் கேட்ட பிறகே பழைய மாதிரிகளில் ஒன்று ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயர வெண்கலமாக 1948–49இல் உருவெடுத்தது. ஆக, இந்தத் தாள்கள் எந்தச் சிற்பத்துக்கு முன்வேலை என்று சொல்வதே கடினம். வரையும்போது இருந்த இடம் ஒன்று, சிற்பம் போய் நின்ற இடம் வேறொன்று. நடுவில் சில ஆண்டுகள், யாரும் கேட்காத வரைவுகளாகவே இவை இருந்தன.

மூருக்கு மகள் பிறந்தாள், அந்தப் பூரிப்பில் குடும்பங்களாக வரைந்து தள்ளினார் என்று ஒரு பேச்சு வழக்கில் இருக்கிறது. கேட்க இனிமையாக இருக்கிறது, ஆனால் தேதி இடிக்கிறது. மகள் மேரி பிறந்தது 1946 மார்ச்சில். மூருக்கும் இரினாவுக்கும் மணமானது 1929இல். பதினேழு ஆண்டு காத்திருப்பின் கடைசிக் கட்டத்தில், குழந்தை இல்லாத வீட்டிலிருந்து வந்தவை 1944ஆம் ஆண்டுத் தாள்கள். ஏக்கம் வரைய வைத்தது என்று இதைத் திருப்பிப் போட்டுச் சொல்வதற்கும் எனக்கு மனமில்லை. மனிதரின் மனக்கதவைத் தட்டாமலே தாளில் தெரிவதைப் பேசலாம். 1948இல் அவர் வரைந்த ஆடுநாற்காலித் தாள்களை இவற்றோடு வைத்துப் பார்த்தால் போதும். மேரிக்கு அப்போது இரண்டு வயது. தாய் பின்னால் சாய்கிறாள், குழந்தை கைக்கெட்டிய உயரத்தில் துள்ளுகிறது, நாற்காலியின் வளைகால் தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கிறது. வீட்டுக்குள் ஒரு பிள்ளை ஓடியாடுவதைக் கண்ட கை அது. 1944இல் வந்த குடும்பங்களில் யாரும் ஆடவில்லை, சிரிக்கவில்லை, பெரும்பாலும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதுகூட இல்லை. முகங்கள் நேரே முன்னால் எங்கோ பார்க்கின்றன. பாசத்தைப் படம்பிடிக்க வந்தவர் இப்படி வரையமாட்டார். பாசத்தின் அடையாளங்களான பார்வையையும் புன்னகையையும் ஒதுக்கிவிட்டு, எடையும் இடைவெளியும் மட்டுமே மிச்சம் இருக்கும்போது குடும்பம் நிற்குமா என்று பார்க்க வந்தவர் வரைவார்.

எப்படி வரைந்தார் என்பதில் இந்த வாதத்தின் பாதி அடங்கியிருக்கிறது. முதலில் மெழுகுக் கிரேயான். அதன்மேல் நீர்வண்ணம். வண்ணம் மெழுகில் ஒட்டாமல் விலகி, மெழுகு பட்டிராத இடத்தில் மட்டும் ஊறிக் கறுக்கும். காய்ந்த பிறகு பேனாவும் இந்தியன் இங்க்கும் கொண்டு விளிம்புகளும் உள்கோடுகளும். போருக்குச் சற்று முன்னால், தம் மருமகளான சிறுமி ஒருத்தியை மகிழ்விக்க, அவள் உல்வொர்த் கடையில் வாங்கியிருந்த மலிவான மெழுகுக் கிரேயானை எடுத்துக் கிறுக்கியபோது தற்செயலாகப் பிடிபட்ட உத்தி இது என்று மூரே சொல்லியிருக்கிறார். பாதாள ரயில் தாள்களில் அது இருட்டைக் கொடுத்தது. குடும்பத் தாள்களில் அதன் பயன் வேறு மாதிரி. வெள்ளைத் தாளில் வெள்ளை மெழுகால் கோடு இழுத்தால் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. அழிக்கவும் வராது. ஒரு தோள் எங்கே புடைக்க வேண்டும், முழங்கால் எங்கே முன்னால் வர வேண்டும் என்பதை ஓவியர் கண்ணைவிடக் கையை நம்பியே முடிவு செய்கிறார். வண்ணத்தைப் பரப்பும்போதுதான் அந்தத் தோள் தலைகாட்டுகிறது, அதற்குள் மனதை மாற்றிக்கொள்ளக் காலம் கடந்திருக்கும். களிமண்ணை இருட்டில் தடவி உருட்டுகிறவனின் வேலை இது. தாள்மேல் நடந்தாலும் சிற்பியின் வேலை.

அடுத்தது அவருடைய குறுக்குவெட்டுக் கோடுகள். உடலின் நெடுக்கே ஓடும் கோடுகளோடு, அதைச் சுற்றி வளைக்கிற குறுக்குக் கோடுகளையும் போடுவார். துணி சுற்றிய ஒரு தொடைமேல் அடுக்கடுக்காக வளையங்கள் ஏறி, முழங்காலில் நெருங்கி, கணுக்காலை நோக்கி இறங்கும்போது மெலிந்து விலகும். ஒரு பக்கத்திலிருந்து வெளிச்சம் விழுவதாகவும் மறுபக்கம் நிழல் என்றும் வைத்துக்கொண்டு உருண்டையைக் காட்டும் பழைய வழி இதில் தேவைப்படுவதில்லை. வடிவம் தன் அளவைத் தானே அளந்து காட்டிவிடுகிறது. இதன் விளைவு விநோதமானது. இந்தக் குடும்பங்களுக்குக் காலையும் இல்லை, மாலையும் இல்லை. சன்னல் எந்தப் பக்கம் என்று தெரியாது. மெழுகு விட்டுவைத்த வெளுப்பு உடலுக்குள்ளிருந்தே வருவதுபோல் இருக்கிறது. கோடு எங்கே நெருங்குகிறது, எங்கே நிற்கிறது என்று தொடர்ந்து பார்த்துக்கொண்டே போனால் இன்னொன்று பிடிபடும். தாயின் கையில் ஏறிய வளையம் குழந்தையின் முதுகில் தொடராது. தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு உடல்களுக்கும் தனித்தனி அளவைக் கோடுகள். ஒட்டியிருப்பதாகத் தூரத்திலிருந்து தெரிவது, கிட்டே போனால் இரண்டு எடைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்திருப்பதாக மாறுகிறது.

இனி, ஒரு தனி உருவத்தை விட்டுவிட்டு முழுத்தாளையும் பார்க்க வேண்டும். மூரின் குறிப்பேட்டுப் பக்கம் ஒரே படத்துக்கானது அல்ல. ஒரு தாளில் நான்கு, ஆறு, சில நேரம் அதற்கும் மேல் சிறு சிறு குழுக்கள் வரிசையாக அமர்ந்திருக்கும். ஒன்றில் குழந்தை தாயின் மடியில். அடுத்ததில் தந்தைக்கும் தாய்க்கும் நடுவே நிற்கிறது. இன்னொன்றில் குழந்தைகள் இரண்டாகி ஆளுக்கொரு மடியில். வேறொன்றில் பெரிய பிள்ளை முழங்காலில் சாய்ந்து நிற்க, சிறியது கைக்குள். பெற்றோரின் தோள்கள் உரசுகின்றன, அல்லது அவர்களுக்கு நடுவே ஒரு ஆள் அளவுக்கு இருட்டு. பக்கம் பக்கமாகப் புரட்டும்போது மனிதர்கள் மாறவில்லை, அவர்களுக்கு இடையே இருக்கும் இடம் மட்டுமே விரிந்தும் சுருங்கியும் வருகிறது. அந்த வெற்றிடத்தை வரைவதற்காகவே அவர் உடல்களை வரைந்தாரோ என்று நினைக்க வைக்கிறது. முடிவில் வெண்கலத்துக்குப் போன யோசனையை மூர் ஒரு முடிச்சு என்று விளக்கினார்: தாய், தந்தை இருவரின் கைகளும் நடுவில் குழந்தையோடு பின்னிக்கொண்டு மூவரையும் ஒன்றாகக் கட்டுகின்றன. சிற்பத்தைப் பார்த்தவர்கள் மறுக்கமாட்டார்கள். குழந்தை இரண்டு ஜோடிக் கைகளில் ஏந்தப்பட்டிருக்கிறது, அதை எடுத்துவிட்டால் இரண்டு பேர் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பது மட்டுமே மிஞ்சும். தாள்களில் அந்த முடிச்சு விழுவதற்கு முன்பிருந்த நிலைகள் அத்தனையும் இருக்கின்றன. கட்டத் தவறியவை, தளர்வாகக் கட்டியவை, கட்ட வேண்டாம் என்று விட்டவை. அவற்றுள் சில வெண்கலத்தைவிட எனக்கு மெய்யாகப் படுகின்றன, குடும்பங்களில் பெரும்பாலானவை அந்த நிலைகளில் எதிலோ ஒன்றில் இருப்பதால்.

தந்தை விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், இந்தத் தாள்களில் அதிகம் தடுமாறுகிறவர் அவர். மூரின் கை 1920கள் தொட்டே தாயும் சேயும் என்ற ஜோடியில் பழகியது. நார்தாம்ப்டனில் புனித மத்தேயு தேவாலயத்துக்காக ஹார்ன்டன் கல்லில் மடோனாவைச் செதுக்கி 1944இல்தான் நிறுவியிருந்தார். தாய்–சேய் தானாக மூடிக்கொள்கிற வடிவம். பெரியது சிறியதை வளைத்துக்கொண்டால் போதும். ஆண் உருவத்தில் அவருக்கு அதுவரை பெரிய நாட்டம் இருந்ததில்லை. அதை வரையப் பழக்கியது 1941–42இல் காஸில்ஃபர்ட் வீல்டேல் சுரங்கத்துக்குள் இறங்கி நிலக்கரித் தொழிலாளர்களை வரைந்த வேலை. அவருடைய தந்தை ரேமண்ட் மூர் உழைத்த சுரங்கம் அது. வரையச் சொன்னவர்கள் போர்க்கால ஓவியர் குழுவினர். குடும்பக் குழுவில் வந்து உட்காரும் தந்தை இரண்டு ஆண்டுக்கு முன் முழங்காலிட்டுக் கரி வெட்டிய உடல்களிலிருந்து வந்தவர். அகன்ற தோளும் கனத்த முன்கையும் அங்கே உழைப்புக்காக இருந்தன. இங்கே அவற்றுக்கு வேலை இல்லை. பல வரைவுகளில் அவர் பெஞ்சின் ஓரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து, கையை எங்கே வைப்பது என்று தெரியாதவர்போல் முழங்காலில் வைத்திருக்கிறார். சிலவற்றில் குழந்தையை அவரிடம் கொடுத்திருக்கிறார் மூர். உடனே தாய் வெறுங்கையோடு நிற்கிறாள், சமநிலை மறுபக்கம் சரிகிறது. மூன்றாம் ஆளை உள்ளே கொண்டுவருவதே இங்கே கணக்கு. வெண்கலம் அதற்குக் கண்ட விடை குழந்தையை இருவருக்கும் பொதுவாக்கியது. விடை சுத்தமாக இருக்கிறது. தாள்களில் தந்தை படும் சங்கடம் அதில் கரைந்துவிட்டது.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றில் வலுவானதை மூரே சொல்லிவிட்டார். 1937இல் எழுதிய ஒரு கட்டுரையில், தாம் வரைவது பெரும்பாலும் சிற்பத்துக்கான எண்ணங்களைப் பிறப்பிக்கவே என்றார். வரைவை மிகவும் நிறைவாகச் செய்துவிட்டால் சிற்பம் செய்யும் ஆசையே குன்றிவிடும், அல்லது சிற்பம் அந்த வரைவின் உயிரற்ற நகலாகிவிடும் என்றும் எச்சரித்தார். பின்னாளில், 1950களில், முன்வரைவுகளை ஏறக்குறையக் கைவிட்டு நேராகக் கையளவுச் சிறுமாதிரிகளுக்குப் போனார். தாள் ஒரு பக்கத்தை மட்டும் காட்டும், மாதிரியைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்க்கலாம் என்பது அவர் கண்ட காரணம். படைத்தவரே படிக்கட்டு என்று சொன்னதை மாளிகை என்று நாம் கொண்டாடுவானேன்? நியாயமான கேள்வி. சிற்பத்துக்கு வரைவு போதாது என்பதை முழுதாக ஒத்துக்கொள்கிறேன். குடும்பத் தாள்களில் இருப்பவர்களுக்கு முதுகு கிடையாது. வெண்கலத்தைச் சுற்றி வந்தால் அந்த இரண்டு முதுகுகளும், பெஞ்சுக்குப் பின்னால் தொங்கும் இடமும் வேறொரு கதை சொல்கின்றன. அந்தக் கதையைத் தாளால் சொல்ல முடியாது. ஆனால் இது தாளைச் சிற்பத்துக்குப் பதிலாக வைத்தால் எழுகிற குறை. தாள் செய்வதைச் சிற்பத்தாலும் செய்ய முடியாது. ஆறு குடும்பங்களை அடுத்தடுத்து உட்கார வைத்து, ஒன்றை மற்றொன்றுக்கு மறுப்பாக நிறுத்துவது ஒரு வெண்கலத்துக்கு இயலாத காரியம். மூரின் எச்சரிக்கையும் இங்கே எனக்குத் துணையாகவே வருகிறது. தனித்தனியாக எடுத்தால் இந்தக் குழுக்கள் நன்றாகத் தீட்டி முடிக்கப்பட்டவை, அவர் அஞ்சிய அளவுக்கே நிறைவானவை. ஆனால் ஒரே தாளில் அவை ஒன்றையொன்று பொய்யாக்குகின்றன, அதனால் எதுவும் இறுதியாவதில்லை. குறிப்பேடுகளில் பல பின்னால் பிரிக்கப்பட்டுத் தாள்தாளாக விலைக்குப் போனதில் இதுதான் இழப்பு. சட்டத்துக்குள் தனியாக மாட்டப்பட்ட ஒரு குழுவைப் பார்க்கிறவர் அதை ஒரு முடிவாக எடுத்துக்கொள்வார். அது பத்தில் ஒன்றாக இருந்தது.

இன்னொரு குற்றச்சாட்டு அரசியல் சார்ந்தது. போர் முடியும் தறுவாயில் பிரிட்டன் தனக்கு ஒரு புது வாழ்வை வரைந்துகொண்டிருந்தது. புதுப் பள்ளிகள், புது நகரங்கள், நலவாழ்வு அரசு. அந்தக் கனவின் விளம்பரப் பலகைதானே இந்த உருண்டு திரண்ட, ஆரோக்கியமான, பெயரில்லாத குடும்பம்? ஹார்லோ புதுநகரத்துக்காக ஹேடீன் கல்லில் 1954–55இல் செதுக்கிய குடும்பக் குழுவைப் பார்த்தால் இந்தக் குற்றச்சாட்டில் உண்மை இருப்பதாகவே சொல்வேன். அது உறுதியானது, அழகானது, கொஞ்சம் கேள்விக்கு அப்பாற்பட்டும் நிற்கிறது. தாள்களிலும் அப்படி வழுக்குகிற இடங்கள் உண்டு. மஞ்சளும் இளஞ்சிவப்பும் பூசி, பின்சுவரை இதமாக மெழுகி, வரவேற்பறைச் சுவருக்கு என்றே தீட்டியதுபோல் இருக்கும் சில தாள்களை என்னால் ரசிக்க முடியவில்லை. மற்றவற்றில் நலவாழ்வின் தெம்பு அவ்வளவாக இல்லை. முழங்கால்மேல் விழும் துணியின் மடிப்புகளைக் கவனியுங்கள், லிவர்பூல் ஸ்ட்ரீட் பாதாள ரயில் சுரங்கப்பாதையில் வரிசையாகப் படுத்திருந்தவர்களின் போர்வை அது. பின்புலத்துக் கறுப்பு அதே மையிலிருந்து வந்தது. அங்கே படுத்திருந்தவர்களை எழுப்பி உட்கார வைத்தால் இப்படித்தான் இருப்பார்கள்: விறைத்து, விழிப்பாக, பேச்சில்லாமல். அறைகளும் அறைகளாக இல்லை. கதவோ மேசையோ அடுப்போ இல்லாத ஒரு மூலை, அங்கே ஒரு பெஞ்சு. புது வீட்டுக்குக் குடிபோகிறவர்கள் போலவும் தெரிகிறார்கள், வீடு போனவர்கள் போலவும் தெரிகிறார்கள். லண்டன் ஹாம்ஸ்டெட் வீடு 1940இல் குண்டுவீச்சில் சேதமாகி, பெர்ரி கிரீன் என்ற சிற்றூருக்குக் குடிமாறிய மனிதரின் கைவேலை இது. விளம்பரப் பலகை எழுதுகிறவருக்கு இந்த இரட்டைப் பார்வை தேவைப்பட்டிருக்காது.

முகங்களைப் பற்றிய குறை இதோடு சேர்ந்தது. தலைகள் உடலுக்குச் சிறியவை, கண் என்பது ஒரு புள்ளி, சில தலைகள் நடுவே பிளந்திருக்கின்றன. ஆள் இல்லாத குடும்பம் என்ன குடும்பம் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். முகத்தைக் கொடுத்திருந்தால் கதை வந்திருக்கும். இவர் கண்டிப்பானவர், அவள் களைத்தவள் என்று நாம் படிக்கத் தொடங்கியிருப்போம். அந்த வாசிப்பை அடைத்துவிட்டதால் கண் தோளுக்கும் கைக்கும் இறங்குகிறது. யார் பாரத்தை யார் தாங்குகிறார் என்பது தெரியத் தொடங்குகிறது. ரசனைக்கு இது ஒரு கடினமான பாதை, எல்லோருக்கும் பிடிக்க வேண்டியதில்லை. ரெம்பிராண்டின் வீட்டுக் காட்சி வரைவுகளில் குழந்தையின் முகச்சுளிப்பு ஒரே கோட்டில் வந்துவிடும். அந்த இன்பம் மூரிடம் கிடைக்காது. அதைத் தேடி இவரிடம் வருவதும் சரியில்லை.

மூர் கடைசியில் வரைவைவிட்டு மாதிரிக்குப் போனது பற்றி மேலே சொன்னேன். அவருடைய பட்டறையில் கூழாங்கல்லும் எலும்பும் சிக்கிமுக்கிக் கல்லும் தாளின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. அதே காலத்தில், ஹார்லோவுக்குப் பிறகு, குடும்பக் குழு என்ற பொருளும் அவரிடமிருந்து ஏறத்தாழ விலகிப் போகிறது. தாயும் சேயும் கடைசிவரை வந்தார்கள், தந்தை வரவில்லை. இரண்டும் ஒன்றாக நடந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு எலும்பைக் கையில் திருப்பும்போது கிடைப்பது ஒரு முழுப்பொருள், அதன் வளைவும் துளையும் ஏற்கெனவே ஒன்றோடொன்று ஒத்துப்போனவை. தனித்தனியாக வந்த மூன்று பேரை எப்படிப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைப்பது என்ற சிக்கல் அதில் எழாது. அந்தச் சிக்கல் எழ, வெற்றாகக் கிடக்கும் ஒரு தாளும், அதில் ஓர் ஆளைப் போட்டபின் அடுத்தவரை எவ்வளவு தள்ளிப் போடுவது என்று யோசிக்க நேர்கிற கையும் வேண்டும்.